புல்தரைத் திருடன்

பெங்களூருவின் ஜெயநகரிலோ மல்லேஸ்வரத்திலோ கையகலத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்தான். காலையில் காபி டம்ளருடன் வாசலுக்கு வந்தால், பார்த்துப் பார்த்து வளர்த்த புல்தரையில் புதிதாக நாலைந்து மண் குவியல்கள். மிதித்தால் கால் உள்ளே இறங்குகிறது. வெளிநாட்டுத் தோட்டப் புத்தகத்தைப் புரட்டினால் 'அகழெலி' என்று தீர்ப்பு தயார்.

தீர்ப்பு தவறு. இந்தியாவில் அகழெலி இருப்பது இமயமலையின் கிழக்குப் பகுதியிலும் வடகிழக்கு மாநிலங்களிலும்தான். தெற்கே கிடையாது.

இங்கே குற்றவாளி பெருச்சாளி. கன்னடத்தில் ஹெக்கண. அதன் ஆங்கிலப் பெயரான பேண்டிகூட், தெலுங்கு 'பந்திகொக்கு'விலிருந்து போனது. பொருள், பன்றி எலி. ஒரு கிலோ வரை வளரும் பெரிய இனம் சாக்கடை ஓரத்திலும் மதில் சுவர் அடியிலும் குடியிருக்கும். புல்தரையில் மண்ணைக் குவிப்பது பெரும்பாலும் அதன் தம்பி, சிறு பெருச்சாளி. உள்ளே போனதும் வாசலை மண்ணால் அடைத்துக்கொள்வது இதன் வழக்கம். அதனால் வளை கண்ணில் படாது, குவியல்தான் தெரியும். ஆங்கிலேயர்களே இதை 'அகழெலி போன்ற எலி' என்ற பொருளில்தான் அழைத்தார்கள்.

வீண்பழி சுமப்பது மூஞ்சூறு. அது எலி இனமே அல்ல. நீண்ட மூக்கும் கஸ்தூரி நெடியும் கொண்ட அந்தச் சின்னப் பிராணி தின்பது கரப்பான், புழு, பூச்சி. பிள்ளையாரின் வாகனம் என்று படத்துக்குக் கும்பிடு போடும் அதே வீட்டில், தோட்டத்தில் கண்டால் துடைப்பம் பறக்கிறது.

எலிக்கும் இந்த நகரத்துக்கும் பழைய கணக்கு உண்டு. 1898-ல் ரயிலோடு வந்த பிளேக், பேட்டையின் நெரிசலான தெருக்களைச் சூறையாடியது. காற்றோட்டமும் தோட்டமுமாக மல்லேஸ்வரமும் பசவனகுடியும் எழுந்ததில் அந்தப் பயத்துக்குப் பெரும் பங்கு. எலிக்குத் தப்பி வந்த தோட்டத்துக்கே எலி வந்து சேர்ந்துவிட்டது. வராமல் என்ன செய்யும்? தினமும் நனைந்து இளகிய செம்மண், வேலிக்கு அப்பால் ராஜகால்வாய், தெருமுனையில் குப்பை, நாய்த்தட்டில் மிச்சச் சோறு.

ஆத்திரத்தில் விஷத்துக்குப் போவதில்தான் ஆபத்து. கடைகளில் எளிதில் கிடைத்துவந்த கறுப்புப் பொடியான ஜிங்க் பாஸ்பைடுக்கு மாற்று மருந்தே இல்லை. குழந்தையோ நாயோ வாயில் வைத்தால் விபரீதம். பெருச்சாளியோ சந்தேகப் பேர்வழி. கொஞ்சம் ருசித்து உடம்புக்கு ஆகாவிட்டால் மறுபடி அந்தத் தீனியைத் தொடாது. வளைக்குள் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை இன்னும் மோசம். அதன் வாயு வளை வழியே அஸ்திவாரத்துக்கும் அங்கிருந்து படுக்கையறைக்கும் போகலாம். பயிற்சி பெற்றவர்கள் தவிர யாரும் தொடக்கூடாதது அது. புரோமடியோலோன் கட்டிகள் மெதுவாகக் கொல்லும். 'வைட்டமின் கே' மாற்று மருந்தாகும். ஆனால் செத்த எலியைத் தின்னும் கூகைக்கும் அந்த விஷம் போய்ச்சேரும். வீட்டுக்கு இலவசமாகக் காவல் நிற்கும் பறவை அது!

முதலில் செய்ய வேண்டியது செலவில்லாத வேலை. மாலையில் எல்லாக் குவியல்களையும் மிதித்துச் சமப்படுத்திவிடுங்கள். வளை வாய் தெரிந்தால் மண்ணால் மூடுங்கள். காலையில் எது மறுபடி கிளம்பியிருக்கிறதோ அதில்தான் ஆள் இருக்கிறது. வீட்டில் கூண்டுப் பொறி போதும். தேங்காய்ச் சில்லோ கருவாடோ வைத்து, அந்தக் குவியலருகே மதிலை ஒட்டி வையுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் கதவு விழாதபடி கட்டிவைத்து, தின்று பழகவிடுவது நல்லது. தஞ்சை வயல்களின் மூங்கில் கிட்டியும் கெட்டிக்காரக் கருவிதான், ஆனால் அதை வைக்கக் கைப்பழக்கம் வேண்டும். மண்ணைத் தொடும்போது கையுறை அவசியம். எலி மூத்திரம் பட்ட ஈரத்தில் லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சலுக்கான கிருமி இருக்கலாம்.

இரவில் நாய்த்தட்டைக் கழுவி உள்ளே வைத்து, மதில் அடி ஓட்டைகளை ஜல்லியும் சிமெண்டும் போட்டு அடைக்காவிட்டால், பிடித்த இடத்துக்கு அடுத்தது வந்துவிடும்.

காலையில் கூண்டுக்குள் கூர்மூக்கும் நெடியுமாக ஒரு குட்டிப் பிராணி பரிதவித்தால், கதவைத் திறந்து விட்டுவிடுங்கள். அது மூஞ்சூறு.