‘நான் பையன் இல்லம்மா’ என்று பிள்ளை சொன்னால்... வீடும் பள்ளியும் என்ன செய்யலாம்?

‘நான் பையன் இல்லம்மா, பொண்ணு’ என்று ஒரு பிள்ளை சொன்னதும் பல வீடுகளில் முதலில் விழுவது அடி. அப்புறம் கோயில், மந்திரிப்பு. அதுவும் சரிவரலைன்னா, ‘எப்படியாவது மாத்திக் கொடுங்க’ன்னு டாக்டர்.

டாக்டரிடமிருந்தே தொடங்குவோம். பாலின அடையாளத்தை மாற்றுவதாகச் சொல்லி ‘சிகிச்சை’ கொடுப்பது தொழில்முறை நடத்தை மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் சொல்லிவிட்டது. உலக சுகாதார நிறுவனமும் தன் நோய்ப் பட்டியலின் 11-வது பதிப்பில், திருநராக இருப்பதை மனநோய்ப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டது. ஆக, மாத்தறதுக்கு இதில் ஒண்ணும் இல்லை.

திருநர் என்றால் யார்? பிறந்தபோது உடலைப் பார்த்து எழுதிய பாலினமும், தான் யார் என்ற உள்ளுணர்வும் ஒத்துப்போகாதவர்கள். திருநங்கை, திருநம்பி இரண்டும் இதில் அடங்கும். ஆண், பெண் இரண்டு கட்டத்துக்குள்ளும் அடங்காதவர்கள் தங்களை ‘நான்-பைனரி’ என்கிறார்கள். பையன் பொம்மை வெச்சு விளையாடினாலே திருநர் என்று அர்த்தமில்லை. அவசரமாகப் பெயர் ஒட்ட வேண்டாம். பிள்ளை சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

‘ஐயோ, ஆபரேஷனா?’ என்ற பதற்றமும் தேவையில்லை. பருவமடையாத பிள்ளைக்கு இதில் மருந்தும் இல்லை, ஆபரேஷனும் இல்லை. கூப்பிடும் பெயர், முடி, உடை... அவ்வளவுதான் பேச்சு.

உண்மையான சிக்கல் பள்ளியில்தான். அதுவும் கழிவறையில். எந்தப் பக்கம் போனாலும் கேலி என்பதால், காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொண்டு வீடு திரும்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கொஞ்ச நாளில் லீவு கூடும், பிறகு படிப்பே நிற்கும். யாரும் போகலாம் என்று தாழ்ப்பாள் உள்ள ஒரே ஒரு கழிவறையைத் திறந்துவிடுவதற்குப் பெரிய பட்ஜெட் வேண்டாம். ‘பாய்ஸ் ஒரு வரிசை, கேர்ள்ஸ் ஒரு வரிசை’ என்பதை ரோல் நம்பர் வரிசையாக மாற்ற ஒரு பைசாகூடச் செலவில்லை.

இதெல்லாம் சலுகை இல்லை. திருநரின் உரிமைகளை உச்ச நீதிமன்றம் 2014-லேயே அங்கீகரித்தது. வேறுபாடு காட்டாத கல்வியைத் தருவது கல்வி நிறுவனங்களின் பொறுப்பு என்றது 2019 சட்டம். ஆனால், இது பற்றி ஆசிரியர்களுக்காக என்சிஇஆர்டி 2021-ல் வெளியிட்ட கையேடு, எதிர்ப்பு கிளம்பிய சில நாட்களிலேயே இணையதளத்திலிருந்து காணாமல் போனது!

அதே ஆண்டு, மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த தன்பாலின இணையர் பாதுகாப்பு கேட்டுத் தொடர்ந்த வழக்கை சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்தார். தனக்கு விஷயம் முழுசாகப் புரியவில்லை என்று, உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தீர்ப்பு எழுதினார். பாலினப் பொதுக் கழிவறை, சான்றிதழில் பெயர் மாற்றும் வசதி, பெற்றோர் - ஆசிரியர் கழகம் வழியாகப் பெற்றோருக்குப் புரியவைப்பது எல்லாம் அந்தத் தீர்ப்பில் இருக்கின்றன. நீதிபதியே உட்கார்ந்து கேட்கும்போது, நாமும் கேட்கலாம்தானே?

வீட்டில் ஆரம்பிக்க இரண்டு கேள்விகள் போதும்: ‘உன்னை எப்படிக் கூப்பிடட்டும்?’, ‘ஸ்கூல்ல இதை யார்கிட்ட சொல்லலாம், யார்கிட்ட சொல்லக் கூடாது?’ இரண்டாவது கேள்வி முக்கியம். பிள்ளையைக் கேட்காமல் கிளாஸ் டீச்சரிடமோ சித்தப்பாவிடமோ சொல்லிவிட்டால், அடுத்த முறை அது உங்களிடம் வாயே திறக்காது. அடி, மிரட்டல் என்று போனால், பிள்ளையே 1098-ஐ அழைக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரும் அழைக்கலாம்.