காணொளி விளையாட்டுக்கென ஓர் அலைவரிசை: ஜி4 தொலைக்காட்சியின் நிகழ்ச்சியமைப்பு

ஆய்வுச் சுருக்கம்

காணொளி விளையாட்டுப் பண்பாட்டுக்கென்றே அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கேபிள் அலைவரிசை ஜி4 ஆகும். காலப்போக்கில் அதன் நிகழ்ச்சிகள் விளையாட்டிலிருந்து படிப்படியாக விலகிச் சென்றன. இணையத்தின் வளர்ச்சியே இதற்குக் காரணம் என்பது பரவலான கருத்து. அதே காலத்தில் தென்கொரியாவில் செழித்த ஆன்கேம்நெட் அலைவரிசையோடு ஒப்பிட்டு, இவ்விலகலுக்கான காரணத்தை நிகழ்ச்சிகளின் வடிவத்தில் தேட வேண்டும் என இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: காணொளி விளையாட்டு, கேபிள் தொலைக்காட்சி, ஜி4, ஆன்கேம்நெட், மறுஒளிபரப்பு, நேர்முக வருணனை

முன்னுரை

தமிழில் 'ஆடுதல்' என்னும் வினை விளையாட்டுக்கும் கூத்துக்கும் பொதுவானது. பந்தாடுவோரும் ஆடுகின்றனர்; மேடையேறிய கூத்தரும் ஆடுகின்றனர். ஆயினும் இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. கூத்து காண்போரை எதிர்நோக்கியே நிகழ்கிறது. விளையாட்டுக்குக் காண்போர் இல்லாமலும் முடியும். காணொளி விளையாட்டு இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. இயக்குபொறியைக் கையில் வைத்திருப்பவருக்கே அதன் பதற்றமும் மகிழ்வும் முழுமையாகக் கிட்டுகின்றன. தொலைக்காட்சியோ காண்பதற்கு மட்டுமே இடந்தரும் ஊடகம். எனவே காணொளி விளையாட்டுக்கென ஓர் அலைவரிசையைத் தொடங்குவோர், பிறர் ஆடுவதைக் காண்பதில் காண்பவருக்கு என்ன இருக்கிறது என்னும் வினாவுக்கு முதலில் விடை காண வேண்டியவராகின்றனர். அவ்வினாவுக்கு ஜி4 அளித்த விடைகளை அதன் நிகழ்ச்சிகளின் வழியே காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்ககால நிகழ்ச்சிகள்

டிஸ்னி நிறுவனத்தின் தொலைக்காட்சிப் பிரிவில் உயர்பொறுப்பு வகித்த சார்லஸ் ஹிர்ஷ்ஹார்ன் தலைமையில், காம்காஸ்ட் நிறுவனத்தின் முதலீட்டோடு, 2002 ஏப்ரல் 24 அன்று ஜி4 தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. முதல் ஒரு வாரம் 'பாங்' என்னும் விளையாட்டு மட்டுமே திரையில் ஓடியது. 1972இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட அவ்விளையாட்டில் இரண்டு கோடுகளும் அவற்றிடையே அலையும் ஒரு புள்ளியும் மட்டுமே உண்டு. முன்னோடி விளையாட்டுக்குச் செய்த மரியாதையாக இதைக் கொள்ளலாம். எனினும் அலைவரிசை எதிர்கொள்ளவிருந்த இடர்ப்பாட்டை அந்த ஒரு வாரமே காட்டிவிட்டது எனலாம். ஆடுவதற்குச் சுவையான 'பாங்', மணிக்கணக்கில் காண்பதற்கு உரியதன்று.

அதன்பின் பத்துக்கும் மேற்பட்ட சொந்த நிகழ்ச்சிகள் வரிசையாக இடம்பெற்றன. புதிய விளையாட்டுகளை இருவர் வாதிட்டு மதிப்பிடும் 'ஜட்ஜ்மென்ட் டே', குறுக்குவழிகளையும் மறைவான நுணுக்கங்களையும் கற்பிக்கும் 'சீட்', செய்திகளுக்கான 'பல்ஸ்', இணையவழிப் பன்மையர் விளையாட்டுகளுக்கான 'போர்ட்டல்', விளையாட்டுப் படைப்பாளரையும் நிறுவனங்களையும் குறித்த ஆவணத்தொடரான 'ஐகான்ஸ்', குழுக்கள் மோதும் 'அரீனா' ஆகியவை அவற்றுள் சில. 'சினிமாடெக்' இவற்றுள் தனித்தன்மை உடையது. தொகுப்பாளர் எவரும் தோன்றாமல், விளையாட்டுகளின் இடையே வரும் கதைக்காட்சிகளையும் முன்னோட்டங்களையும் மட்டும் அடுக்கித் தந்தது அது. விளையாட்டைத் திரைப்படம்போல் காணச்செய்த முயற்சி என்னும் வகையில் அது கருதத்தக்கது. ஆனால் அவற்றுள் முன்னோட்டங்கள் நிறுவனங்கள் தம் விற்பனைக்காக உருவாக்கியவை என்பதையும் மறுக்க இயலாது.

மேற்கண்ட நிகழ்ச்சிகளுள் பெரும்பாலானவை விளையாட்டைப் பற்றிப் பேசுபவை. விளையாட்டையே நிகழ்வாக ஆக்கியது 'அரீனா' ஒன்றே; அதுவும் நீடிக்கவில்லை. மதிப்புரையும் குறுக்குவழியும் விரைவில் பழையனவாகும் தன்மையுடையவை. ஒரு விளையாட்டு வெளிவந்த வாரத்தில் பயன்தரும் மதிப்புரை, ஆறு மாதம் கழித்து எவருக்கும் வேண்டுவதில்லை. கேபிள் அலைவரிசையின் பொருளியலோ ஒருமுறை தயாரித்ததைப் பலமுறை ஒளிபரப்புவதில் அடங்கியுள்ளது. இம்முரண்பாடு ஜி4இன் பிற்கால வரலாற்றை விளங்கிக்கொள்ளத் துணைசெய்கிறது.

டெக்டிவி இணைப்பும் அதன் விளைவும்

1998இல் இசட்டிடிவி என்னும் பெயரில் தொடங்கிய டெக்டிவி, கணினித் தொழில்நுட்பத்துக்கான அலைவரிசை. ஜி4ஐக் காட்டிலும் மிகக் கூடுதலான இல்லங்களை அது சென்றடைந்திருந்தது. அதனை காம்காஸ்ட் விலைக்கு வாங்கி, 2004 மே மாதம் ஜி4உடன் இணைத்தது. டெக்டிவியின் சான்பிரான்சிஸ்கோ நிலையம் மூடப்பட்டது. பணியாளர் பலர் வேலையிழந்தனர். பார்வையாளரைப் பெறுவதற்காக ஓர் அலைவரிசையை வாங்கிவிட்டு, அப்பார்வையாளர் விரும்பிய நிகழ்ச்சிகளை நிறுத்தியது விந்தையே. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் டெக்டிவி என்னும் பெயரும் நீக்கப்பட்டது. யூடியூப் தளம் உருவானதும் அதே மாதத்தில்தான்.

அவ்விணைப்பில் எஞ்சியவற்றுள் இரண்டு, ஜி4இன் முகவரியாகவே பின்னர் அமைந்தன. ஆடம் செஸ்லரும் மார்கன் வெப்பும் தொகுத்தளித்த 'எக்ஸ்-பிளே', ஐந்து புள்ளி அளவுகோலில் விளையாட்டுகளை மதிப்பிட்டது. கண்டிப்பான மதிப்புரையை நகைச்சுவை நாடகத்துணுக்குகளோடு கலந்து தந்ததால், மதிப்புரை பழையதான பின்னும் நிகழ்ச்சியைக் காண முடிந்தது. கணினி உதவி நிகழ்ச்சியான 'தி ஸ்கிரீன் சேவர்ஸ்' 2005 மார்ச்சில் 'அட்டாக் ஆஃப் தி ஷோ' என உருமாறி, இணையத்தில் உலவும் காட்சிகள், திரைப்படம், கருவிகள் என அனைத்தையும் தொட்டுச்செல்லும் கலவையாயிற்று. இளம் ஆண்களைக் கவர்வதே அலைவரிசையின் வெளிப்படையான இலக்காக மாறியது. விளையாட்டு அவ்விலக்குக்கான வழிகளுள் ஒன்றாகச் சுருங்கியது.

இக்காலத்து நிகழ்ச்சிகளுள் இரண்டு தனிக்கவனத்துக்கு உரியவை. முதலாவது, 2006இல் தொடங்கிய 'ஸ்டார் டிரெக் 2.0'. 1960களின் அத்தொடரை மறுஒளிபரப்புச் செய்யும்போதே, திரையின் ஓரங்களில் புள்ளிக்கணக்குகளும் துணுக்குச் செய்திகளும் பார்வையாளர் இணையத்தில் தட்டச்சு செய்த உரையாடலும் ஓடின. கதைமாந்தரை வைத்துப் பங்குச்சந்தைபோல் ஆடும் இணைய விளையாட்டு ஒன்றும் உடன் இருந்தது. விளையாட்டுகளைக் காட்டுவதைக் குறைத்துக்கொண்டிருந்த அலைவரிசை, பழைய தொடர் ஒன்றை விளையாட்டின் தோற்றத்தில் காட்டிய புதுமை இது. இரண்டாவது, ஜப்பானின் 'சசுகே' தொடர். நூறு போட்டியாளர், நான்கு கட்டங்கள், ஒருமுறை தவறினால் நீக்கம் என்னும் அதன் அமைப்பு காணொளி விளையாட்டின் அமைப்பையே ஒத்தது. ஆனால் ஆடுவது மனித உடல். 'நிஞ்சா வாரியர்' என்னும் பெயரில் ஜி4 இதனை ஒளிபரப்பியது. 2009இல் இதன் அமெரிக்க வடிவம் ஜி4இல் பிறந்து, பின்னர் என்பிசி அலைவரிசைக்கு மாறி நிலைபெற்றது. ஜி4 விட்டுச்சென்ற நெடுநாள் வெற்றியில் காணொளி விளையாட்டு இல்லை என்பது நகைமுரணே.

பிற்காலத்தில் காவல்துறையினரைப் பின்தொடரும் 'காப்ஸ்' தொடரின் மறுஒளிபரப்புகள் நேர அட்டவணையின் பெரும்பகுதியை நிரப்பின. பழையதாகாத, மலிவான நிகழ்ச்சி அது. மதிப்புரை தர இயலாததை அது தந்தது. 2013 ஜனவரியில் 'எக்ஸ்-பிளே', 'அட்டாக் ஆஃப் தி ஷோ' ஆகிய இரண்டும் முடிவுற்றன. 2014 இறுதியில் அலைவரிசையும் நின்றது.

கொரிய ஒப்பீடு

இணையத்தில் யாவும் இலவசமாகக் கிடைத்ததால் ஜி4 வீழ்ந்தது என்னும் கருத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அது முழுமையான விளக்கமாகாது. அகலப்பட்டை இணையம் மிக முன்னதாகவே பரவிய நாடுகளுள் ஒன்று தென்கொரியா. அங்கு 2000இல் தொடங்கப்பட்ட ஆன்கேம்நெட் இணையத்தோடு சேர்ந்தே வளர்ந்தது.

டூனிவர்ஸ் என்னும் அசைவூட்ட அலைவரிசை 1999இல் 'ஸ்டார்கிராஃப்ட்' போட்டிகளை ஒளிபரப்பியதே ஆன்கேம்நெட்டின் தோற்றுவாய். வருணனையாளர், அவருக்கு இருபுறமும் நுணுக்கம் விளக்குவோர், ஆடுவோருக்கென ஒலிபுகா அறை, அரங்கில் ஆர்ப்பரிக்கும் மக்கள் எனப் போட்டி ஒரு காட்சியாக வடிவமைக்கப்பட்டது. 'அப்சர்வர்' எனப்படும் பார்வையிடுநரின் பணி இங்கு இன்றியமையாதது. பரந்த போர்க்களத்தில் பல இடங்களில் ஒரே நேரத்தில் நிகழ்வனவற்றுள் எதைத் திரையில் காட்டுவது என்பதை அவரே நொடிதோறும் தீர்மானிக்கிறார். ஆடும் இருவருக்கும் தெரியாத எதிராளியின் மறைவான திட்டம் காண்பவருக்குத் தெரிகிறது. பகைவன் பதுங்கியிருப்பதை அறிந்த அவையோர், அறியாமல் நடந்துவரும் கூத்தனைப் பார்த்துப் பதறும் நிலை இது. பிறர் ஆடுவதைக் காண்பதில் காண்பவருக்கு என்ன இருக்கிறது என்னும் வினாவுக்குக் கொரியர் கண்ட விடை இதுவே.

இவ்விடைக்கும் ஓர் எல்லை இருந்தது. கால்பந்துக்கு உரிமையாளர் இல்லை; 'ஸ்டார்கிராஃப்ட்'டுக்கு உண்டு. ஒளிபரப்பு உரிமை குறித்து பிளிசார்ட் நிறுவனத்துக்கும் கொரிய அலைவரிசைகளுக்கும் எழுந்த வழக்கு 2011இல்தான் உடன்பாட்டில் முடிந்தது. ஆன்கேம்நெட் 2012இல் உருவாக்கிய 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' போட்டித்தொடரின் தயாரிப்பை, 2019இல் அவ்விளையாட்டின் உரிமையாளரான ரயட் நிறுவனம் தானே எடுத்துக்கொண்டது.

மறுதொடக்கம்

2021 நவம்பரில் ஜி4 மீண்டும் தொடங்கப்பட்டது. 'எக்ஸ்-பிளே'யும் 'அட்டாக் ஆஃப் தி ஷோ'வும் திரும்பின. கேபிளோடு டுவிட்ச், யூடியூப் தளங்களிலும் நிகழ்ச்சிகள் வெளிவந்தன. நிகழ்ச்சி ஓடும்போதே பார்வையாளரின் உரையாடல் பக்கத்தில் ஓடும் அமைப்பு அத்தளங்களில் வழக்கமாகிவிட்டிருந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் 'ஸ்டார் டிரெக் 2.0'இல் ஜி4 செய்துபார்த்ததும் அதுவே. ஆனால் அங்கு தனியொருவர் தம் அறையிலிருந்து ஆடி, பேசி, மணிக்கணக்கில் நேரலையில் தருவதற்கும் பெரிய அரங்கும் பணியாளர் குழுவும் கொண்ட தயாரிப்புக்கும் செலவில் ஒப்பீடே இல்லை. ஓராண்டு கடந்த நிலையில், 2022 நவம்பர் 18 அன்று ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது.