வயலில் சிலந்தி, கட்டியில் வெண்குழியம்

அறக்கொட்டி விழுந்த வயலைக் கண்டதும் மருந்துக் கடைக்கு ஓடுகிறவர் ஒரு விதம். வரம்பால் இறங்கி, நாலைந்து இடத்தில் பயிரின் அடியைப் பிரித்து, தத்தி எத்தனை, அதைத் தின்னும் சிலந்தி எத்தனை என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கிறவர் இன்னொரு விதம். விவசாயப் போதனாசிரியர்கள் நெடுங்காலமாக எமக்குச் சொல்லி வருவது இரண்டாவது விதத்தையே. தத்தியின் தொகை ஒன்றாயிருந்தாலும் சிலந்தி நிறைந்த வயலும் சிலந்தியற்ற வயலும் ஒரே மாதிரி விளைவதில்லை.

மார்பகப் புற்றுநோயைப் பற்றி எழுத வந்தவர் வயலிலே நிற்கிறாரே என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். வைத்திய உலகம் இப்போது இதே கணக்கைத்தான் பெண்ணின் மார்பிலிருந்து எடுத்த கட்டியிலும் பார்க்கிறது. ஆகவே இந்த உவமை எமது தாய்மாருக்கு இலகுவில் விளங்கும்.

இலங்கைப் பெண்களிடம் அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. இரண்டு பெண்களுக்கு ஒரே அளவான கட்டி, ஒரே சத்திரசிகிச்சை. ஒருவர் பத்து வருடங்களின் பின்பும் கச்சான் பிடுங்குகிறார். மற்றவருக்கு இரண்டு வருடத்தில் நோய் நுரையீரலிலோ எலும்பிலோ திரும்பி வருகிறது. ஊரிலே இதை விதி என்பார்கள், கண்ணூறு என்பார்கள், செய்வினை என்றுகூடச் சொல்வார்கள். விடையின் ஒரு பகுதி அந்தக் கட்டிக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

எமது இரத்தத்தில் வெண்குழியங்கள் உண்டு. அவற்றுள் நிணநீர்க் குழியங்கள் என்ற ஒரு வகை, உடலுக்குச் சொந்தமில்லாததை அடையாளங்கண்டு அழிக்கும் வேலையைச் செய்கின்றது. புற்றுநோய்க் கலம் எமது சொந்தக் கலத்திலிருந்து பிறந்ததுதான். ஆனால் அது கெட்டுப்போகும்போது அதன் புரதங்களும் மாறிவிடுகின்றன. அந்த மாற்றத்தை நிணநீர்க் குழியங்கள் கண்டுகொண்டால் கட்டிக்குள் புகுந்து கூடிவிடுகின்றன. சில கட்டிகளில் அவை ஏராளம். சிலவற்றில் தேடினாலும் அகப்படா.

இதைப் பார்ப்பதற்குப் புதிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை என்பதே எனக்கு மிகவும் பிடித்த விடயம். எடுத்த கட்டியை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயமூட்டுவார்கள். நூறு வருடங்களுக்கு மேலாகப் பாவனையிலுள்ள சாயங்கள் அவை. அவற்றில் ஒன்று மத்திய அமெரிக்க மரமொன்றின் வைரத்திலிருந்து எடுக்கப்படுவது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் இளஞ்சிவப்புத் துணியில் எள்ளுத் தூவியது போல நிணநீர்க் குழியங்கள் கருநீலப் புள்ளிகளாகத் தெரியும். புற்றுநோய்க் கலங்களுக்கு இடைப்பட்ட இழையத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கை இந்தப் புள்ளிகள் பிடித்திருக்கின்றன என்று நோயியல் வைத்தியர் மதிப்பிடுகிறார். பரிசோதனை அவ்வளவே.

வைத்தியர்கள் இதைக் கண்டது நேற்றல்ல. 1863இலேயே ஜேர்மனியரான விர்ஷோ புற்றுக்கட்டிக்குள் வெண்குழியங்களைக் கவனித்திருந்தார். 1949இல் அமெரிக்க வைத்தியர்கள் இருவர், பார்வைக்குப் பயங்கரமாயிருந்தும் நிணநீர்க் குழியங்கள் மண்டிக்கிடக்கும் ஒருவகை மார்பகக் கட்டியைக் கொண்ட பெண்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாயிருப்பதாக எழுதினர். ஆனால் ஒருவர் எண்ணியதுபோல் மற்றவர் எண்ணவில்லை. எண்ணும் முறையை ஒழுங்குபடுத்திச் சர்வதேச நிபுணர் குழுவொன்று 2014இல் வழிகாட்டி வெளியிட்ட பின்னரே கணக்கு நம்பகமானதாயிற்று.

இந்தக் கணக்கு எல்லா மார்பகப் புற்றுநோய்க்கும் ஒரே மாதிரிப் பொருந்தாது. ஓமோனால் வளரும் வகையே பெரும்பான்மை. அதில் இந்தப் புள்ளிகளின் தொகை தெளிவாக எதையும் சொல்வதில்லை. சில ஆய்வுகளில் எதிர்மாறாகவும் இருந்திருக்கிறது. இரண்டு ஓமோன் வாங்கிகளும், ஹெர்-2 என்ற புரதத்தின் மிகுதியும் இல்லாத வகையொன்று உண்டு. மூன்றும் இல்லாததால் அதை மும்மை எதிர் வகை என்கிறார்கள். நூறில் பத்துப் பதினைந்து பேருக்கு வருவது. இளம் பெண்களைக் கூடுதலாகத் தாக்குவது, வேகமானது. இந்தப் பொல்லாத வகையிலேதான் நிணநீர்க் குழியங்களின் கணக்கு நன்றாகப் பேசுகிறது.

2019இல் ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்து, இந்த வகை நோய்க்கு ஆரம்ப நிலையில் இரசாயன மருந்துச் சிகிச்சை பெற்ற 2148 பெண்களின் விபரங்களைப் பார்த்தார்கள். குழியங்கள் கூடக் கூட, நோய் திரும்பும் ஆபத்தும் இறப்பும் படிப்படியாகக் குறைந்தன. 2024இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த ஆய்வு அதைவிட வியப்பானது. அதிலிருந்த 1966 பெண்களும் ஏதோவொரு காரணத்தால் இரசாயன மருந்து பெறாதவர்கள். அவர்களுள் முதலாம் நிலையில் கட்டி கண்டுபிடிக்கப்பட்டு, குழியங்கள் ஐம்பது வீதமோ அதற்கு மேலோ இருந்தவர்களில் நூற்றுக்கு 94 பேருக்கு ஐந்து வருடம் வரை நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவித் திரும்பவில்லை. முப்பது வீதத்திற்குக் குறைவாயிருந்தவர்களில் இத்தொகை 78.

இதை வாசித்துவிட்டு, "எனக்குக் குழியம் கூட, ஊசி வேண்டாம்" என்று எந்தத் தாயும் கிளினிக்கை விட்டு நிற்கக் கூடாது. யாருக்கு மருந்தைக் குறைக்கலாம் என்பதை வைத்தியர்கள் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். வயல் உவமை இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. சிலந்தியை நம்பி ஒரு போகத்தை விட்டுப் பார்க்கலாம், உயிரை அப்படி விட்டுப் பார்க்க முடியாது. இன்னொன்று: சாதாரண இரத்தப் பரிசோதனைத் துண்டில் வரும் வெண்குழியத் தொகை வேறு, இது வேறு. "நிர்ப்பீடன சக்தியைக் கூட்டும்" என்று சந்தையில் மாவும் தைலமும் விற்பவர்கள் கட்டிக்குள் ஒரு குழியத்தையேனும் அனுப்பிவைக்கப் போவதில்லை. அந்தக் காசுக்குக் கிளினிக் போய்வர பஸ் ரிக்கற் எடுக்கலாம்.

மேலே சொன்ன 94 முதலாம் நிலைக்குரியது என்பதைக் கவனியுங்கள். முதலாம் நிலை என்றால் கட்டி ஏறத்தாழ இரண்டு சென்ரிமீற்றருக்குள், ஒரு புளியங்கொட்டை அளவில், அக்குள் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாமல் இருப்பது. எமது பெண்கள் அந்த அளவில் கட்டியைக் காட்டுகிறார்களா? கையில் தட்டுப்பட்டதை மூடி வைக்கிறார்கள். வெட்டு முடியட்டும், மகளின் பரீட்சை முடியட்டும், ஆவணித் திருநாளுக்கு மடுமாதாவிடம் போய் வந்து பார்ப்போம் என்கிறார்கள். நேர்த்தி வைப்பதை நான் தடுக்கவில்லை. ஆனால் மடுவுக்குப் போகுமுன் குடும்பநல உத்தியோகத்தரிடம் போங்கள். 1996 முதல் இந்நாட்டில் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. முப்பத்தைந்து வயது கடந்த பெண்கள் அங்கே மார்பகத்தைச் சோதித்துக்கொள்ளலாம். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசில்லை. வன்னியிலிருந்து தெல்லிப்பழைக்கோ மகரகமவுக்கோ போய்வரும் நாட்களில் அடுப்பையும் ஆட்டையும் மாட்டையும் பார்ப்பது யார் என்பதுதான் வீட்டிலுள்ள உண்மையான கேள்வி. அதற்கு ஆண்கள் பதில் சொல்ல வேண்டும்.

இடம்பெயர்ந்த எமக்கு வேறொரு சிக்கலும் உண்டு. 1995இல் வலிகாமத்திலிருந்து, 1996இல் கிளிநொச்சியிலிருந்து, 2008இலும் 2009இலும் ஊர் ஊராக, பின்னர் மெனிக் பாமில், என்று ஓடிய குடும்பங்கள் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் சொப்பிங் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக் காப்பாற்றின. வைத்தியத் துண்டுகளைக் காப்பாற்றியவர் குறைவு. மார்பில் தழும்பு இருக்கிறது. என்ன வகைக் கட்டி, எந்த நிலை, ஓமோன் வாங்கி இருந்ததா என்று கேட்டால் விடையில்லாத தாய்மாரை நான் சந்தித்திருக்கிறேன். நோய் திரும்பினால் வைத்தியர் முதலில் கேட்பது அந்தக் கடதாசியைத்தான்.

ஆகவே சத்திரசிகிச்சை முடிந்ததும், எடுத்த கட்டி நோயியல் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டதா என்று கேளுங்கள். அறிக்கை வந்ததும் அதிலுள்ள இலக்கத்தைக் கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதுவியுங்கள். மெழுகில் பதித்த இழையத்தை ஆய்வுகூடத்தில் பத்திரப்படுத்துவார்கள். இலக்கம் இருந்தால் பின்னொரு காலத்தில் அதைத் தேடியெடுத்து மீண்டும் பார்க்க வழியுண்டு. மும்மை எதிர் வகையென்றால், நிணநீர்க் குழியங்கள் எத்தனை வீதம் என்று அறிக்கையில் குறிக்க முடியுமா என வைத்தியரிடம் பணிவாகக் கேட்பதில் தவறில்லை.

அறிக்கையில் இரண்டு போட்டோப் பிரதி எடுங்கள். ஒன்று உறுதியோடு இருக்கட்டும். மற்றதை வீட்டில் வைக்க இடமில்லாதவர்கள், இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாதவர்கள், ஒட்டிய உறையில் பெயரெழுதிப் பங்குமனையில் தரலாம். சைவரும் தரலாம். உறையை நாம் திறப்பதில்லை.