உலாவிசார் ஒலி நிரலகங்களின் தானியங்கு சோதனை

உலாவிசார் ஒலி நிரலகங்களின் தானியங்கு சோதனை என்பது, இணைய உலாவிக்குள் ஒலியை உருவாக்கவும் மாற்றவும் உதவும் நிரலகங்கள் சரியாக இயங்குகின்றனவா என்பதை, காதால் கேட்டு முடிவு செய்யாமல், நிரல்களைக் கொண்டே சரிபார்க்கும் முறையாகும். டோன்.ஜேஎஸ், பி5.சவுண்டு ஆகியவை இத்தகைய நிரலகங்களுக்கு எடுத்துக்காட்டுகள்.

பின்னணி

இந்நிரலகங்கள் வெப் ஆடியோ ஏபிஐ என்னும் இடைமுகத்தின் மீது கட்டப்பட்டவை. உலகளாவிய வலைச் சேர்த்தியம் இதன் முதல் பொது வரைவை 2011 டிசம்பரில் வெளியிட்டது. 2021 சூன் 17 அன்று இது அதிகாரபூர்வப் பரிந்துரையானது. இதில் அலையியற்றி, வடிகட்டி, ஒலியளவுக் கட்டுப்பாடு போன்றவை தனித்தனிக் கணுக்களாக இருக்கும். நிரலர் அவற்றை ஒன்றுடன் ஒன்று இணைக்கிறார். ஒலி 128 மாதிரிகள் கொண்ட தொகுதிகளாகக் கணக்கிடப்படுகிறது.

சோதனையில் எழும் சிக்கல்கள்

பொதுவான நிரலின் விடையை எதிர்பார்த்த விடையுடன் நேரடியாக ஒப்பிடலாம். ஒலி நிரலின் விடையோ காலத்தில் நீளும் அலை. மேலும், சோதனைகள் ஓடும் வழங்கிகளில் பெரும்பாலும் ஒலி அட்டை இருப்பதில்லை. பயனர் சொடுக்கும் வரை ஒலியைத் தொடங்கவிடாத உலாவிக் கட்டுப்பாடு மற்றொரு தடை. 2018இல் குரோம் 66 பதிப்பில் இக்கட்டுப்பாடு வந்தபோது பல இணைய விளையாட்டுகள் ஒலியிழந்தன. எனவே கூகுள் அதை வெப் ஆடியோவுக்கு மட்டும் தற்காலிகமாகத் திரும்பப் பெற்று, அவ்வாண்டின் இறுதியில் குரோம் 71 பதிப்பில் மீண்டும் கொண்டுவந்தது.

ஆஃப்லைன் ஆடியோ கான்டெக்ஸ்ட்

இச்சிக்கல்களுக்குப் பெரும்பாலும் தீர்வாக அமைவது ஆஃப்லைன் ஆடியோ கான்டெக்ஸ்ட் என்னும் பொருளாகும். இது ஒலியை ஒலிபெருக்கிக்கு அனுப்பாமல் நினைவகத்தில் எண்களாகச் சேமிக்கிறது. இதற்கு ஒலி அட்டையோ பயனரின் சொடுக்கலோ தேவையில்லை. 10 விநாடி ஒலிக்காக 10 விநாடி காத்திருக்கவும் வேண்டியதில்லை. கணினியின் வேகத்துக்கேற்ப விரைவில் முடிந்துவிடும். கிடைக்கும் எண்களில் அலைவெண், உச்ச அளவு, ஒலி தொடங்கும் நேரம் ஆகியவை சரிபார்க்கப்படும்.

எடுத்துக்காட்டு

உலாவியில் இயங்கும் ஒரு சுருதிப் பெட்டியைக் கருதலாம். 1 கட்டைச் சுருதி மேற்கத்திய 'சி' சுரத்துக்கு இணையானது; நடு 'சி' சுரத்தின் அலைவெண் ஏறத்தாழ 261.63 ஹெர்ட்ஸ். பஞ்சமம் சட்ஜத்தின் ஒன்றரை மடங்கு என்பதால் 392.44 ஹெர்ட்ஸ் வர வேண்டும். நிரலர் தவறுதலாக மேற்கத்திய சமப்பகுப்பு முறையைப் பயன்படுத்தினால் 392.00 ஹெர்ட்ஸ் வரும். இவ்வேறுபாட்டைப் பலரால் கேட்டு உணர முடியாது; ஆனால் சுருதி சேர்ந்து பாடிப் பழகும் மாணவருக்கு அது பிழையான பஞ்சமம்.

அலை, சுழியை மேல்நோக்கிக் கடக்கும் இடங்களைச் சோதனை நிரல் எண்ணலாம். 1 விநாடி ஒலியில் இரண்டுமே ஏறத்தாழ 392 முறை கடக்கும் என்பதால் பிழை பிடிபடாது. 10 விநாடி ஒலியை எடுத்தால் ஒன்று ஏறத்தாழ 3924 முறையும் மற்றது 3920 முறையும் கடக்கும்; பிழை வெளிப்பட்டுவிடும்.

உலாவி வேறுபாடுகள்

ஒரே நிரல் வெவ்வேறு உலாவிகளில் மிக நுண்ணிய அளவில் மாறுபட்ட எண்களைத் தரக்கூடும். பிரின்சுடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் எங்கல்ஹார்ட், சென்னை ஐஐடியில் பயின்ற அரவிந்த் நாராயணன் ஆகியோர் 2016இல் பத்து இலட்சம் இணையதளங்களை ஆய்ந்தனர். சில தளங்கள் இந்த நுண்வேறுபாட்டைக் கொண்டே பயனரின் கருவியை அடையாளம் காண முயல்வதை அவர்கள் வெளிப்படுத்தினர்.

எனவே சோதனைகளில் முழுச் சமத்துவம் எதிர்பார்க்கப்படுவதில்லை. குறிப்பிட்ட விலக்க எல்லை அனுமதிக்கப்படுகிறது. எல்லை மிகக் குறுகினால் சரியான நிரலும் தோல்வியடையும். மிக விரிந்தால் மேற்கண்ட பஞ்சமப் பிழை மறைந்துவிடும்.

வரம்புகள்

ஒலிபெருக்கியை அடையும் வரையிலான தாமதம், ஒலி விட்டுவிட்டுக் கேட்டல் ஆகியவற்றை இம்முறை காட்டாது. அவற்றை உண்மையான கருவியிலேயே சோதிக்க வேண்டும். ஒலிவாங்கி சார்ந்த நிரல்களுக்கு, முன்பே பதிவு செய்த கோப்பை ஒலிவாங்கியின் உள்ளீடாக அளிக்கும் வசதி குரோமில் உள்ளது. ஒலி இனிமையாக உள்ளதா என்பதை மட்டும் இன்றும் காதே முடிவு செய்கிறது.