எந்த ஊர்ப் பிள்ளை?

கிண்டித் தொழிற்பேட்டையை அடுத்த ஈக்காட்டுத்தாங்கலில், பிழைப்பை நாடி வெளிமாநிலங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் உண்டு. பிள்ளை கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான், "நீங்கள் எந்த ஊர்?" என்ற கேள்வி எழுகிறது. அதன் விடைக்கு விலையும் உண்டு என்பதை ஒரு பழைய வழக்கு உணர்த்துகிறது.

1952 ஜூலையில் தில்லி மாணவர் ஒருவர் இந்தூர் மகாத்மா காந்தி நினைவு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அந்நாளைய மத்திய பாரத மாநிலத்தில் வசிப்போர்க்கு இல்லாத தலைக்கட்டணம், ஆண்டுக்கு ரூ.1,500, அவர்மேல் விழுந்தது. ஈராண்டுகளில் ரூ.3,000 செலுத்தியவர், அதைத் திருப்பித் தருமாறும் இனி வசூலிக்கலாகாதென்றும் உச்சநீதிமன்றத்தை நாடினார்.

1955 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. பிறந்த இடம் வேறு, வசிக்கும் இடம் வேறு. பிறந்த இடத்தை மட்டுமே காரணமாக்கி வேற்றுமை காட்டுவதையே அரசியலமைப்பு தடுக்கிறது. கல்விக்குச் செலவிடும் மாநிலம் தன்னிடம் வசிப்போர்க்குச் சலுகை தரலாம் என்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார் நீதிபதி டி. எல். வெங்கடராம ஐயர். நீதிபதி ஜகந்நாததாஸ் மாறுபட்டார். எனினும் மாணவர் தோற்றார்.

ஆனால் அதே விதியின்படி, அங்கு நிலையாகக் குடியேறி 5 ஆண்டுகள் வசித்தவரும் உள்ளூராராகவே கொள்ளப்பட்டார்!

ஆகவே பெற்றோரே, 'வசிப்பவர்' என்று கல்லூரி யாரைக் குறிக்கிறது என்பதைச் சேருமுன் படித்தறியுங்கள். குடும்ப அட்டையையும் பள்ளிச் சான்றிதழ்களையும் பேணி வையுங்கள். ஐயமிருப்பின் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே விடை பெறுங்கள். கட்டிய பின் வழக்காடுவதினும் கட்டுமுன் கேட்பது நன்று.