எந்த ஆற்றுக் கெண்டை?

தென்னிந்திய ஓடைகளில் ஒரு சாண் நீளத்தைத் தாண்டாத கெண்டை மீன்களுள் அறிவியலுக்குப் புதியதொன்று அறிவிக்கப்படும்போது, அது இதுவரை எவர் கண்ணிலும் படாத மீன் என்றே பலரும் எண்ணிக்கொள்கின்றனர். உண்மையில் அம்மீன் அக்கரையோரத்தாரின் வலையிலும் குழம்புச் சட்டியிலும் தலைமுறைகளாக இடம்பெற்றிருக்கக்கூடும்; அருங்காட்சியகக் குப்பி ஒன்றில் வேறொரு மீனின் பெயர்ச்சீட்டோடு நெடுங்காலம் கிடந்திருக்கவும் கூடும். முன்னரே பெயர் பெற்ற எந்தச் சிற்றினத்திலும் அது அடங்காது என்பதையே ஆய்வாளர் மெய்ப்பிக்க வேண்டியிருப்பதால், புதிய மீனைப் பற்றிய உழைப்பில் பெரும்பகுதி பழைய மீன்களின் மீதே செலவாகிறது.

இதற்குக் காவிரியும் தாமிரபரணியும் நல்ல சான்று. சென்னை மாகாணத்தில் ராணுவ மருத்துவராக இருந்த டி. சி. ஜெர்டன், 1849இல் காவிரிக் கெண்டை ஒன்றுக்கு ‘அருலியஸ்’ என்று பெயரிட்டார். அக்காலத்து விவரிப்புகள் பெரும்பாலும் சில வரிகளில் முடிந்துவிடுபவை. அன்று அருகில் இருந்த மீன்களிலிருந்து ஒன்றைப் பிரித்துக்காட்ட அவை போதுமானவையாக இருந்தாலும், பின்னாளில் வேறு ஆறுகளில் கிடைத்த ஒத்த மீன்களிலிருந்து பிரிக்கப் போதவில்லை. 1954இல் இ. ஜி. சைலாஸ் தாமிரபரணிக் கெண்டையை அருலியஸின் துணைச்சிற்றினமாக விவரித்து, அந்த ஆற்றின் பெயரையே அதற்குச் சூட்டினார். இன்று அது தனிச் சிற்றினமாகவே கொள்ளப்படுகிறது. இருப்பினும் வண்ணமீன் வணிகத்தில் அருலியஸ் என்ற பெயரில் நெடுங்காலம் விற்கப்பட்டவை பெரும்பாலும் தாமிரபரணி மீன்களே. இத்தகைய குழப்பம் நேரும்போது, பெயர் முதன்முதலில் எந்த ஆற்றின் மீனுக்கு இடப்பட்டதோ அந்த ஆற்றுக்கே மீண்டும் சென்று மீன் பிடித்து ஒப்பிடுவதைவிட நம்பகமான வழி வேறில்லை.

இதே இடர் மீண்டும் வராமலிருக்கவே, 2000ஆம் ஆண்டு முதல் வெளியாகும் ஒவ்வொரு புதிய சிற்றினத்துக்கும் மூல மாதிரி வெளிப்படையாகக் குறிக்கப்பட வேண்டும் என்று பன்னாட்டு விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பு வற்புறுத்துகிறது. மூல மாதிரி என்பது அப்பெயரைத் தாங்கி நிற்கும் ஒற்றை மீன். பின்னர் எத்தனை கருத்து மாற்றங்கள் வந்தாலும், பெயர் அந்த உடலோடுதான் பிணைந்திருக்கும். அதனுடன் சேர்த்து ஆராயப்பட்ட பிற மீன்கள் துணை மாதிரிகள் எனப்படும்.

மாதிரியைப் பதப்படுத்துவதிலேயே சில இழப்புகள் தொடங்கிவிடுகின்றன. ஃபார்மலினில் இறுகவைத்துப் பின் ஆல்கஹாலில் இடப்படும் மீனின் உடலில் கரும்புள்ளிகள் தங்கினாலும் சிவப்பும் பச்சையும் மறைந்துவிடுகின்றன என்பதால், உயிரோடிருக்கும்போதே படமெடுத்தாக வேண்டும். ஃபார்மலின் டி.என்.ஏ.வையும் சிதைப்பதால், துடுப்பின் சிறு துண்டொன்று முன்னதாகவே ஆல்கஹாலில் தனியே எடுத்துவைக்கப்படுகிறது. அதன்பின் நுண்ணோக்கியின் அடியில் எண்ணுதல் நடைபெறுகிறது. செவுளின் பின்விளிம்பிலிருந்து வால்துடுப்பின் அடிவரை, நீரின் அசைவை உணரும் சிறு துளைகளைக் கொண்ட செதில்கள் வரிசையாக ஓடுகின்றன. பக்கக்கோடு எனப்படும் இவ்வரிசையை ஊசிமுனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுகின்றனர். வாயோரத்தில் மீசை உண்டா என்பதும், முதுகுத்துடுப்பின் கிளைக்காத கடைசிக் கதிர் வழவழப்பானதா, ரம்பப் பற்களுடையதா என்பதும் பார்க்கப்படுகின்றன. பிந்தைய வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பெத்தியா என்ற பேரினத்து மீன்களை டாக்கின்சியா பேரினத்து மீன்களிடமிருந்து பிரிக்க உதவும் அடையாளங்களுள் அதுவும் ஒன்று.

ஒரே ஒரு மீனை வைத்துத் தீர்ப்புக் கூறுவதும் ஆபத்தானது. டாக்கின்சியா ஃபிலமெண்டோசா என்னும் கெண்டையின் குஞ்சுகளில் உடலின் குறுக்கே கரும்பட்டைகள் இருக்க, வளர்ந்த மீனில் அவை மறைந்து வாலருகே நீள்வட்டக் கறை ஒன்று மட்டும் எஞ்சுகிறது. முதிர்ந்த ஆணின் முதுகுத்துடுப்புக் கதிர்களோ இழைகளாக நீள்கின்றன. குஞ்சு, ஆண், பெண் ஆகிய மூன்றையும் தனித்தனியே காண்பவர் மூன்று சிற்றினங்கள் என மயங்க இடமுண்டு. கேரளத்தின் கல்லடை ஆற்றிலிருந்து ரோஹன் பெத்தியகொடவும் மோரிஸ் கோட்டெலாவும் 2005இல் விவரித்த மீன், ஆச்சரியக்குறி போன்ற தன் கறையால் ‘எக்ஸ்கிளமேஷியோ’ என்று பெயர் பெற்றது. பரந்த பரப்பில் வாழ்வதாக நம்பப்பட்ட கெண்டை ஒன்று இவ்வாறு ஆற்றுக்கொன்றாகப் பிரியும்போது, ஒவ்வொன்றின் வாழிடமும் சுருங்கியதாகத் தெரியவருகிறது. ஓர் அணையோ மணற்கொள்ளையோ எவ்வளவு பெரிய இழப்பாகும் என்ற கணக்கும் அதனால் மாறிவிடுகிறது.

பெயர் சூட்டுவதிலும் கவனம் வேண்டும். 2012இல் பெத்தியகொடவும் உடன் ஆய்ந்தோரும் தென்னாசியக் கெண்டைகளைப் பல பேரினங்களாகப் பகுத்தபோது ஒன்றுக்கு டிராவிடியா என்று பெயரிட்டனர். ஆனால் 2010லேயே ஓர் ஈயின் பேரினத்துக்கு அப்பெயர் இடப்பட்டிருந்தது. இரு விலங்குப் பேரினங்கள் ஒரே பெயரைத் தாங்க விதி இடம்தராததால், பிந்திய மீன் பெயரை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. 2013இல் அதற்கு வந்த மாற்றுப்பெயர் ஹலுடாரியா; கங்கை மீன்களைப் பற்றி ஹாமில்டன் 1822இல் வெளியிட்ட நூலின் படங்கள் பலவற்றை வரைந்த ஹலுதார் என்னும் வங்காள இளைஞரின் பெயரால் அமைந்தது அது.