ரத்தக் குழாயின் வயது

2002 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. ‘விமென்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற திட்டத்தின் ஒரு பகுதி அது. மாதவிடாய் நின்ற 16,608 பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற ஹார்மோன்கள் கலந்த மாத்திரையும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்து வந்தார்கள். இதயத்தைக் காக்கும் என்று எதிர்பார்த்த மருந்து நேர்மாறாக நடந்துகொண்டது. ஆண்டுக்கு 10,000 பெண்களுக்கு என்று கணக்கிட்டால், மருந்து சாப்பிட்டவர்களில் கூடுதலாக 7 பேருக்கு இதய நோய், 8 பேருக்குப் பக்கவாதம், 8 பேருக்கு மார்பகப் புற்றுநோய், 8 பேருக்கு நுரையீரலில் ரத்தக்கட்டி வந்திருந்தது.

உலகெங்கும் பெண்கள் மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள். மருத்துவர்களும் எழுதித்தரத் தயங்கினார்கள். அந்தக் கலவரத்தில் ஓர் எண்ணைப் பலரும் கவனிக்கவில்லை. ஆய்வில் சேர்ந்தபோது அந்தப் பெண்களின் சராசரி வயது 63. பெரும்பாலானவர்களுக்கு மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

இதற்கு முன்பு ஹார்மோனுக்கு நற்பெயர் வாங்கித் தந்தது, அமெரிக்க நர்ஸ்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு. ஹார்மோன் எடுத்துக்கொண்டவர்களிடம் இதய நோய் கணிசமாகக் குறைவாக இருந்ததாக அது சொன்னது. ஹார்மோனை நாடியவர்கள் ஏற்கெனவே உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்கள், அதனால்தான் இந்த வித்தியாசம் என்று பிறகு விளக்கம் சொன்னார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் இன்னொரு வேறுபாடும் இருந்தது. அந்த நர்ஸ்களில் பெரும்பாலோர் மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டியே மருந்தைத் தொடங்கியவர்கள்.

தொடங்கும் காலம் ஏன் முக்கியம் என்பதை ரத்தக் குழாயின் உள்ளே போய்ப் பார்த்தால்தான் விளங்கும். குழாயின் உட்புறத்தில் ஒரே ஒரு செல் தடிமனுள்ள படலம் இருக்கிறது. எண்டோதீலியம் என்பார்கள். இந்தச் செல்களில் ஈஸ்ட்ரோஜனை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் உள்ளன. ஈஸ்ட்ரோஜன் வந்து சேர்ந்ததும் செல் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகிறது. அந்த வாயு குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்துகிறது. குழாய் விரிந்து கொடுக்கிறது. ரத்தத் தட்டணுக்கள் சுவரில் ஒட்டுவதும் குறைகிறது. மாதவிடாய் நின்றதும் சூலகம் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. குழாயின் நெகிழ்வு குறைகிறது, கெட்ட கொழுப்பு ஏறுகிறது, சுவருக்குள் கொழுப்புப் படிவுகள் தடிக்கின்றன.

சுவர் நன்றாக இருக்கும்போதே ஹார்மோன் கிடைத்தால் அந்தப் பாதுகாப்பு தொடர வாய்ப்புண்டு. படிவுகள் முற்றிய பிறகு கிடைத்தால் கதை மாறுகிறது. அங்கே ஏற்பிகள் குறைந்திருக்கும். போதாக்குறைக்கு, ஈஸ்ட்ரோஜன் படிவின் மேல்மூடியை அரித்து மெலிதாக்கும் நொதிகளைத் தூண்டக்கூடும். மூடி கிழிந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறையும், மாரடைப்பு வரும். ஓதம் ஏறி உப்புப் பூத்த சுவரில் சுண்ணாம்பு அடிப்பது போலத்தான். அடிக்கிற நேரம் தவறினால் நல்ல சுண்ணாம்பும் நிற்காது.

இதை முதலில் தெளிவாகக் காட்டியவை குரங்குகள். வட கரோலினாவில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிளார்க்சனின் குழுவினர், சூலகம் நீக்கப்பட்ட பெண் குரங்குகளுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்துப் பார்த்தார்கள். உடனே தொடங்கிய குரங்குகளின் இதயத் தமனிகளில் படிவு ஏறத்தாழ 70 சதவீதம் குறைவாக இருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துத் தொடங்கியவற்றுக்குப் பலனே இல்லை. குரங்குக்கு இரண்டு ஆண்டு என்பது மனிதர்களுக்குச் சுமார் ஆறு ஆண்டு.

பெண்களிடமே இதைச் சோதித்தது ‘எலைட்’ ஆய்வு. ஹோவர்ட் ஹோடிஸ் தலைமையில் கலிஃபோர்னியாவில் நடந்தது, 2016இல் வெளிவந்தது. பங்கேற்றவர்கள் 643 பேர். மாதவிடாய் நின்று ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்கள் ஒரு பிரிவு. பத்து ஆண்டு கடந்தவர்கள் மற்றொரு பிரிவு. கழுத்துத் தமனிச் சுவரின் தடிமனை ஸ்கேன் மூலம் அளந்தார்கள். முதல் பிரிவில் மருந்தில்லாத மாத்திரை எடுத்தவர்களுக்குச் சுவர் ஆண்டுக்கு 0.0078 மில்லிமீட்டர் தடித்தது. ஈஸ்ட்ரோஜனின் ஒரு வகையான ஈஸ்ட்ராடையால் எடுத்தவர்களுக்கு 0.0044தான். இரண்டாம் பிரிவில் மருந்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

இதைப் படித்துவிட்டு, இதயத்துக்காக எல்லாரும் ஹார்மோன் சாப்பிடலாம் என்று சொன்னால் அது பழைய தவறின் மறுபக்கம். ‘எலைட்’ அளந்தது சுவரின் தடிமனை, மாரடைப்புகளை அல்ல. அதே ஆய்வில் இதயத் தமனியில் சேர்ந்த சுண்ணாம்புப் படிவில் மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ‘கீப்ஸ்’ என்ற இன்னொரு ஆய்விலோ, மாதவிடாய் நின்று மூன்று ஆண்டுக்குள் ஹார்மோன் தொடங்கியும் கழுத்துத் தமனியில் மாற்றம் இல்லை. ஆகவே மாரடைப்பைத் தடுப்பதற்கென்றே ஹார்மோன் எடுக்க வேண்டாம் என்பதுதான் இன்றைய மருத்துவ வழிகாட்டல்.

ஆனால் திடீரென்று உடம்பு அனலாகக் கொதித்து, இரவெல்லாம் வியர்த்து, தூக்கமில்லாமல் தவிக்கும் 48 வயதுப் பெண்ணின் கேள்வி வேறு. 63 வயதுக்காரர்களின் எண்ணைக் காட்டி அவரைப் பயமுறுத்தி அனுப்பியதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. 60 வயதுக்குக் கீழே, அல்லது மாதவிடாய் நின்று பத்து ஆண்டுக்குள், மார்பகப் புற்றுநோயோ மாரடைப்போ பக்கவாதமோ ரத்தக்கட்டியோ வந்திராதவர்களுக்கு, இந்த உபாதைகளுக்காக ஹார்மோன் எடுப்பதில் பொதுவாக நன்மையே மிகுதி. மாத்திரையாக விழுங்கினால் அது முதலில் ஈரலுக்குப் போய் ரத்த உறைவுப் பொருள்களைக் கூட்டுகிறது. தோலில் ஒட்டும் பட்டையோ ஜெல்லோ அந்த வழியில் போவதில்லை. ரத்தக்கட்டி அபாயம் அதில் குறைவு என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. கர்ப்பப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுக்கக் கூடாது. கர்ப்பப்பைப் புற்றுநோயைத் தடுக்கப் புரோஜெஸ்டினோ புரோஜெஸ்டிரானோ கூடவே வேண்டும்.

நம் நாட்டில் இன்னொரு கவலையும் உண்டு. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46ஐ ஒட்டியது; மேற்கு நாடுகளில் 51. முப்பதுகளிலேயே கர்ப்பப்பையை அகற்றும் அறுவை செய்துகொண்டவர்களும் இங்கே நிறைய. சூலகங்களும் சேர்த்து எடுக்கப்பட்டிருந்தால், ரத்தக் குழாய்கள் அந்த நாளிலிருந்தே ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் வாழ்கின்றன. இவர்களுக்கு இதய நோய் அபாயம் கூடுதல். வேறு தடை இல்லாவிட்டால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரை ஹார்மோன் எடுப்பதையே வழிகாட்டல்கள் பரிந்துரைக்கின்றன. அறுவை முடிந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் சூலகம் இருக்கிறதா, எடுக்கப்பட்டதா என்று எழுதியிருக்கும். அந்தத் தாளைத் தேடி எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.